கோயிலுக்குள் யாருக்கு மரியாதை?

சனி, ஞாயிறு வந்தால் புதுச்சேரியின் கத்தோலிக்கக் கோயில்களில் சுற்றுலாக் கூட்டம் தாங்காது. ரயிலடிப் பக்கம் தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா, மிஷன் வீதியில் சம்பா கோயில், அப்புறம் கப்ஸ் கோயில் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். அரைக்கால் சட்டையோடு வருகிறார்கள், பீடத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார்கள் என்று நம் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்கள்) வாட்ஸ்அப் குழுக்களில் வாராவாரம் புலம்பல். நியாயமான புலம்பல்தான். ஆனால் இது என்ன இடம் என்று அவர்களுக்குத் தெரியாது. வாசலில் ஒருவர் நின்று பக்குவமாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். தெரிந்தே நாம் செய்வதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

சமீபத்தில் ஒரு கல்யாணப் பூசை. எந்தக் கோயில் என்பது வேண்டாம். எழுந்தேற்ற நேரம், அதாவது சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரம், மணி அடிக்கிறது, எல்லோரும் முழந்தாளில் இருக்கிறோம். வீடியோக்காரர் மட்டும் பீடப்படியில் ஏறி, சாமியாருக்குப் பக்கத்தில் நின்று கேமராவை மாப்பிள்ளை பொண்ணு பக்கம் திருப்புகிறார். சாமியார் உயர்த்திப் பிடித்த அப்பம் அவர் முதுகுக்குப் பின்னால். அதற்கு முன்பே, கட்டிய தாலியை இன்னொரு தடவை கட்டுவதுபோல் கையை வைக்கச் சொல்லி லைட் அடித்துப் படம் எடுத்தாகிவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், வாங்கிய காசுக்கு வேலை செய்கிறார். அட்வான்ஸ் கொடுக்கும்போதே "பீடத்தில் ஏறக் கூடாது" என்று சொல்ல வேண்டியவர்கள் இரண்டு வீட்டாரும், கோயில் நிர்வாகமும்.

அடுத்தது பொன்னாடை. நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கிவிட்டு ஆண்டவரோடு கொஞ்சம் அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில் மைக் வந்துவிடுகிறது. தேர் ஜோடனைக்குப் பணம் கொடுத்தவர், சீரியல் லைட் உபயதாரர், திருவிழாவுக்கு வந்திருக்கும் அரசியல் பிரமுகர் என்று ஒவ்வொருவராகப் பீடத்துக்கு முன்னால் வர, சால்வை, கைதட்டல், போட்டோ. பிரமுகர் உட்கார முன்வரிசையில் இடம் வேண்டுமே, அங்கே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பாட்டியை எழுப்பிப் பின்னால் அனுப்புவார்கள். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று விவிலியத்தில் யாக்கோபு தன் நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரத்தில் திட்டுவது இதைத்தான். அதையும் நாம் பூசையில் வாசகமாக வாசித்துவிட்டு "இறைவனுக்கு நன்றி" சொல்கிறோம்!

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1210-ஆம் விதி, புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுவதை மட்டும் அனுமதிக்கச் சொல்கிறது. 1221-ஆம் விதி, வழிபாட்டு நேரத்தில் கோயிலுக்குள் நுழைய யாரிடமும் காசு கேட்கக் கூடாது என்கிறது. அதாவது வாசலில் எல்லோரும் சமம். உள்ளே போனதும் ஏன் ஆளுக்கொரு தராதரம்?

இது இன்று முளைத்த வியாதி இல்லை. அப்போதைய சம்பா கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. 1745-இல் அவர்கள் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நகையும் வாசனையுமாக வந்த ஒரு பெரிய வீட்டுப் பெண்ணைப் பாதிரியார் கடிந்துகொண்டதும் அதை ஒட்டியே வருகிறது. உடை, நகை விஷயத்தில் இன்றைக்கும் நமக்கு வாய் நீளம். அந்தச் சுவரைப் போன்ற ஒன்றைக் கோயிலுக்குள் கட்டி வைத்ததைவிடப் பெரிய அவமரியாதை ஆண்டவருக்கு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனையோ இந்து அம்மாக்கள் வருகிறார்கள். செருப்பை வெளியே விட்டு, முக்காடு போட்டு, ஓர் ஓரமாக உட்கார்ந்து மாதாவிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். எருசலேம் ஆலயத்தில் இயேசு விரட்டிய கடைகள், பிற இனத்தார் வந்து நிற்கக்கூடிய வெளி முற்றத்தில் இருந்தன என்று விவிலிய அறிஞர்கள் சொல்வார்கள். வெளியாள் வேண்டிக்கொள்ள இருந்த இடத்தை உள்ளாள் கடைபோட்டு அடைத்துக்கொண்டான். கோயில் வழியாகச் சாமான் தூக்கிக்கொண்டு குறுக்கே போவதைக்கூட அவர் விடவில்லை என்று மாற்கு நற்செய்தி 11:16 சொல்கிறது. கேமரா ஸ்டாண்டும் சால்வைத் தட்டும் அந்தக் கணக்கில் வராதா?

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். கல்யாணத்துக்குத் தேதி கொடுக்கும்போதே போட்டோக்காரர் எங்கே நிற்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பீடத்துக்கு முன்னால் யாருக்கும், சாமியாரின் பிறந்தநாளே ஆனாலும், பொன்னாடை கூடாது. "அப்புறம் உபயம் யார் தருவார்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பூசை முடிந்து பங்கு ஹாலில் டீ கொடுக்கும்போது போர்த்தட்டுமே, முதல் ஆளாக நானே கைதட்டுகிறேன்.