பட்டா இருந்தால் மட்டும் போதுமா?
“சொந்தப் பட்டா நிலத்தில் கட்டிய சிறு அணைக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை” என்று சிறு அணைகள் பற்றிய ஒரு கட்டுரையில் வருவது பாதிதான் சரி. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேலான அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. நம் கடலூர்ப் பக்கத்து ஆளுயரக் கரைகள் அதில் வராது. ஆனால் கரை பட்டாவில் இருந்தாலும், அது மறிக்கும் ஓடை பெரும்பாலும் புறம்போக்கு, அதாவது அரசு நிலம்; அதனால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிட முடியாது. எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கிராம ‘அ’ பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பண்ருட்டி பக்கம் என் மாமனார் ஊரில் முந்திரித் தோப்பை ஒட்டி இப்படி ஒரு மண்கரை இருந்தது. கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று ஐப்பசியில் கலிங்கின் (மிகுதி நீர் வெளியேறும் வழி) மேல் மணல் மூட்டை அடுக்கினார்கள். கார்த்திகை மழையில் நீர் போக வழியில்லாமல் கரை மேலேயே வழிந்து, ஒரே ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கீழே கத்தரி போட்டிருந்தவருக்கு நஷ்டஈடு யார் தருவது என்று பங்காளிகளுக்குள் இன்னும் இழுபறி. தண்ணீர் பாய்ச்சும்போது மட்டும் ஆளுக்கொரு பங்கு கேட்டவர்கள்தான்! அப்புறம், அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் கரையடியில் நீர் கசிந்தால் ஆபத்தா என்று கேட்டிருக்கிறார். தெளிந்த நீராகக் கொஞ்சமாகக் கசிந்தால் கண் வைத்திருங்கள். செம்மண் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம், உடனே நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டுக் கீழே இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எலிவளை, நண்டுவளைகளைப் புரட்டாசிக்குள் அடைத்துவிடுவது நல்லது.