தாயக்கட்டையை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நீங்கள் வெளியிட்ட விளையாட்டுக் கட்டுரையில், விடுமுறைக்குக் கூடும் குடும்பங்களுக்கு ‘கேட்டான்’ (Catan) என்ற பலகை விளையாட்டு ஏற்றது என்று கட்டுரையாளர் பரிந்துரைத்திருக்கிறார்; தாயக்கட்டையை விட்டுவிட்டார். 1995இல் ஜெர்மனியில் வெளிவந்த அந்த விளையாட்டு நல்லதுதான். ஆனால் அடிப்படைப் பெட்டியை வைத்து நான்கு பேருக்கு மேல் ஆட முடியாது என்பதோடு, விதிகளை விளக்கி முடிப்பதற்குள் சிறுவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். கடந்த மே மாதம் ஏற்காட்டில் நாங்கள் பதினொரு பேர் தங்கியிருந்தபோது, மழையில் மின்சாரம் நின்றுபோன மாலையில் கைகொடுத்தது, சேலத்திலிருந்து அத்தை சுருக்குப்பையில் போட்டு எடுத்துவந்திருந்த பித்தளைத் தாயக்கட்டைதான். தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையையும் காப்பிக்கொட்டையையும் காய்களாக்கி, அணி பிரித்து ஆடினோம். தாயம் (அதாவது ஒன்று) விழுந்தால்தான் காய் இறங்கும், 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதை ஏழு வயதுச் சிறுமி முதல் ஆட்டத்திலேயே பிடித்துக்கொண்டாள். (எதிரியின் காயை வெட்டுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.) ஊனோ (UNO) சீட்டாட்டமும் எளிதுதான், ஆளுக்கு ஏழு சீட்டு, நிறமோ எண்ணோ பொருந்தினால் போதும், எனினும் மங்கிய வெளிச்சத்தில் நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிய முதியவர்கள் திணறுகிறார்கள். பல்லாங்குழி இருவர் ஆட்டம் என்பதால், கூட்டம் கலைந்த பிற்பகலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.