பாவு நீட்டிய தெரு

தேசிய கைத்தறி நாளான ஆகஸ்ட் 7 அன்று, நான் பிறந்து வளர்ந்த நெசவுத் தெருவைப் பற்றி, எட்டு வாசல் தாண்டும் பாவை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்வரிசையை) எல்லா வீட்டாரும் சேர்ந்து இழுத்ததைப் பற்றி இங்கே பத்து வரி எழுதியிருந்தேன். வழக்கத்தைவிட அதிகம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் தங்கமானவர்கள் என்று பலர் எழுத, நானும் அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து, எங்கள் தெருவில் வளர்ந்து இப்போது திருப்பூரில் இருக்கும் ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தப் பத்து வரியை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

எங்கள் தெரு மயிலாடுதுறையில், கூறைநாட்டை ஒட்டி இருந்தது. 1982-இல் ஊரின் பெயர் மாறிய பிறகும் தெருவில் யாரும் மாயவரத்தை விடவில்லை. கூறைநாடும் பேச்சில் கொரநாடுதான். சிவனடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்த நேச நாயனாரின் தலம் என்று பெருமை பேசுகிற ஊர் அது. பருத்தியும் பட்டும் கலந்து கட்டம் போட்டு நெய்த கொரநாட்டுக் கூறைப் புடவைக்குக் கல்யாண வீடுகளில் இருந்த மதிப்பைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் விவரம் அறிந்த 1970-களில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில்தான் அதை நெய்தார்கள். மற்ற வீடுகளில் கூட்டுறவுச் சங்கத்துக்கோ தறி முதலாளிக்கோ கூலிக்குப் பருத்திப் புடவை நெய்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு குழித்தறி இருந்தது. அப்பா குழியில் கால் இறக்கி உட்கார்ந்து நெய்ய, அம்மா இராட்டையில் தார் சுற்றுவார், அதாவது குறுக்கு நூலைச் சிறு குழலில் ஏற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வேலை எனக்கு வரும்.

நெசவு வீட்டுக்குள் நடக்கும் வேலை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதி எங்களுக்குத் தெருவில் நடந்தது. ஆறு புடவைக்கான பாவை விரித்தால் வீட்டுக்குள் இடம் ஏது? விடியற்காலை நான்கு மணிக்கு, தெருவின் நடுவே குறுக்குக் கட்டைகளை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் பாவை இழுத்துக் கட்டுவார்கள். எங்கள் வாசலில் தொடங்கினால் அது எட்டு வீட்டு வாசலைத் தாண்டிப் போய் நிற்கும். அதில் 3000-க்கும் மேற்பட்ட இழைகள் இருக்கும். அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் எண்ணெய் கலந்து, இருபுறமும் ஆட்கள் நின்று, கையால் தடவி, பெரிய பிரஷ்ஷால் ஒரே சீராக இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். கஞ்சி ஓரிடத்தில் கூடினால் இழை ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் பாவு விறைத்துப்போகும். ஒரு வீட்டு ஆட்களால் மட்டும் இதைச் செய்து முடிக்க முடியாது. ஆகவே எட்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்; அடுத்த வாரம் அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாங்கள் போவோம். யாரும் யாரையும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை. கஞ்சி வாசனை வந்தால் போதும், பல் துலக்கிக்கொண்டே வந்து நிற்பார்கள்.

பொதுச்சுவர் தகராறில் மூன்று வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் எங்கள் தெருவில் இருந்தார்கள். அண்ணன் வீட்டுப் பாவுக்குத் தம்பி தவறாமல் வருவார். எதிரும் புதிருமாக நின்று, நடுவில் இருக்கும் என் அப்பாவிடம், "அந்தப் பக்கம் ரெண்டு இழை அறுந்திருக்கு, அவருகிட்ட சொல்லுங்க" என்பார். அவருக்கும் அண்ணனுக்கும் இடையே இரண்டு முழம்கூட இருக்காது. அப்பா அதை அப்படியே திருப்பிச் சொல்ல, அண்ணன் குனிந்து இழையை முடிவார். சிறுவர்களான எங்களுக்கு அது பெரிய வேடிக்கை.

மழைக்காலம் இன்னொரு கதை. ஐப்பசி, கார்த்திகையில் பாவை வெளியே நீட்ட முடியாது; ஆற்றுப் படுகை மண் ஆதலால் தறிக்குழியில் தானாகவே தண்ணீர் ஊறிவிடும். அந்த இரண்டு மாதமும் தெருவே கடனில்தான் சாப்பிட்டது. 1977 நவம்பர் 12-இல் அடித்த புயலின்போது எனக்குப் பதினொரு வயது. கூரை போன வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓட்டு வீடு இருந்த ஒருவரின் கூடத்தில் கூடியிருந்தோம். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் தறியில் இருந்த பாவை அறுத்துச் சுருட்டி, வேட்டியில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நூல் முதலாளியுடையது, நனைந்தால் அதன் விலை முன்பணக் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கூடத்தில் மூட்டைகள் காய்ந்த இடத்திலும் நாங்கள் ஈரத்திலும் படுத்திருந்தோம்.

இதையெல்லாம் எழுதினால் படிப்பவர்களுக்கு ஒற்றுமை என்று தோன்றுகிறது. எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், எங்கள் தெருவில் இருந்தவர்கள் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களைவிட எந்த வகையிலும் நல்ல மனிதர்கள் அல்லர். பொறாமை இருந்தது, புறம்பேச்சு இருந்தது, சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர் இருந்தார். விறகு வண்டி ஓட்டி வந்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து, அவருக்குத் தண்ணீர் சொம்பிலா, கையில் ஊற்றுவதா என்று முடிவு செய்த தெரு அது. எங்களைச் சேர்த்துவைத்தது பாவின் நீளம். அது ஒரு வீட்டின் அகலத்துக்குள் அடங்கியிருந்தால், நாங்களும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்போம்.

எட்டு வீட்டுக் கை இல்லாமல் ஒருவன் பிழைக்க முடியாது என்றால், அந்த எட்டு வீடும் நினைத்தால் அவனைப் பிழைக்க விடாமலும் செய்யலாம். இதை நான் அந்தப் பத்து வரியில் எழுதவில்லை. 1983 என்று நினைவு. நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்களுக்கு நான்கு வீடு தள்ளியிருந்த ஒரு பெண், வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். பஞ்சாயத்து எதுவும் கூடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. அடுத்த வாரம் அவள் அப்பா விடியலில் கட்டைகளை நட்டு, கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு நின்றார். வாசனை தெரு முழுவதும் வந்தது. யாரும் வெளியே போகவில்லை. அவரும் அவர் மனைவியும் சின்ன மகளும் மூன்று பேராக அந்தப் பாவை இழுக்கப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. நான் எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்தப் பாவு வீணானது. ஆறு மாதத்தில் அவர் தறியை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போனார். போகும் அன்று அண்டை வீட்டுப் பெண்கள் அழுதார்கள் என்பதும் உண்மைதான். அந்த அழுகையில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

தெரு எப்போது மறைந்தது என்று கேட்டால், விசைத்தறி வந்தபோது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். விசைத்தறிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தபோது 1993 ஆகிவிட்டது. அதற்குள் எங்கள் தெருவில் பாதித் தறிகள் விறகாகியிருந்தன. பட்டு நெய்யத் தெரிந்தவர்கள் திருபுவனத்துக்கும், தெரியாதவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போனார்கள்.

ஆனால் என் கணக்கில் தெரு அதற்கும் முன்பே போய்விட்டது. ஆலையிலேயே கஞ்சி போட்டு உருளையில் சுற்றிய பாவு வரத் தொடங்கியது. சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து தறியில் மாட்ட வேண்டியதுதான். அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், யார் தயவும் வேண்டாம். புதுப்பாவைப் பழைய பாவோடு பிணைக்கும்போது மட்டும், விரலில் சாம்பலைத் தொட்டு ஒவ்வோர் இழையாக முறுக்கிவிட ஒருவர் துணைக்கு வருவார், அவருக்கும் கூலி கொடுத்தோம். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, சத்தமும் குறையவில்லை. ஆனால் பொதுச்சுவர் அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு சாகும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

இப்போது அந்தத் தெருவில் சிமெண்ட் சாலை இருக்கிறது. திண்ணைகளை இடித்து வண்டி நிறுத்துகிறார்கள். செல்போன் கடை, தையல் கடை, ஒரு ஸ்கேன் மையம் என்று வந்துவிட்டன. எங்கள் வீட்டை 1998-இல் விற்றோம். இன்று அங்கே இருப்பவர்கள் அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் இருந்தால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் சேர்ந்து இழுக்க வேண்டிய பொருள் எதுவும் அந்தத் தெருவில் இல்லை. பெயர் தெரியாத அந்த அண்டை வீட்டுக்காரர், அவர்கள் மகள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டு அவர்கள் சோற்றில் கை வைக்கப்போவதும் இல்லை.

அழைத்த அக்கா, அந்தச் சின்ன மகள்தான். நாற்பது வருடம் கழித்துக் குரலைக் கேட்டேன். கோபமாகப் பேசவில்லை, என் பிள்ளைகளைப் பற்றியும் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும் விசாரித்தார். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. உங்க வீட்டுப் பாவு எட்டு வாசல் தாண்டும்னு போட்டிருக்கியே, அது மட்டும் தப்பு. ஒன்பது" என்றார். நான் இல்லை என்றேன். அவர் எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி எண்ணத் தொடங்கினார். நான்காவது வீட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.