கைபேசி வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது

இணையம் பயன்படுத்தும் முதியவர்களிடம் மனச்சோர்வு குறைவு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: மனச்சோர்வோ உடல் இயலாமையோ வந்தவர்கள் அதனாலேயே இணையத்தை விட்டு விலகுவதும் உண்டு.

பலருக்குச் சிக்கல் விரலிலேயே தொடங்குகிறது. தொடுதிரை விரலின் மின்கடத்தலை வைத்துத்தான் தொடுதலை உணரும். வயதானவர்களின் தோல் வறண்டிருந்தால் சில நேரம் இரண்டு முறை தொட்டாலும் திரை அசையாது. மூன்றாம் முறை அழுத்திப் பிடிப்பார்கள், வேண்டாத பட்டியல் ஒன்று திறக்கும். 'எனக்கு இது சரிப்படாது' என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். பிடிவாதம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கைக்கு ஈரப்பத கிரீம் தடவலாம், தொடுதிரைக்கென்றே வரும் ரப்பர் முனைப் பேனாவும் உதவும். ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்குங்கள். கை நடுங்குபவர்களுக்கு, அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கும் வசதியும் சில போன்களில் உண்டு. எழுத்தை ஒரேயடியாக உச்ச அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள். சில செயலிகளில் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். காது மந்தமானால், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் நேரடி வசன வரிகள் வசதியைப் போட்டுக் கொடுங்கள்.

இத்தனை செய்தும் நாட்டமே வரவில்லையா? தூக்கம், பசி, பிடித்த வேலைகள் எல்லாம் இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் போனை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதியவர்கள் பலர் சோகம் என்று சொல்ல மாட்டார்கள். அசதி, உடம்பு வலி என்றுதான் சொல்வார்கள். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் ஒன்று இருக்கிறது. மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் விரிவான பரிசோதனை தேவை.