444 போட்டால் ஃபைலை யாரும் அழிக்க முடியாதா?

"லினக்ஸில் ஃபைலுக்கு 444 பர்மிஷன் போட்டுவிட்டால் யாராலும் அழிக்க முடியாது" என்றொரு குறிப்பு சுற்றுகிறது. தவறு.

444 என்றால் எல்லோருக்கும் படிக்க மட்டும் அனுமதி. அது ஃபைலுக்குள் எழுதுவதைத் தடுக்கும்; அழிப்பதைத் தடுக்காது. அழிப்பது என்பது ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பது. அதனால் லினக்ஸ் பார்ப்பது ஃபோல்டரின் ரைட் (பட்டியலை மாற்ற), எக்ஸிக்யூட் (உள்ளே நுழைய) அனுமதிகளை. ஃபோல்டர் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்றால், ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான 444 ஃபைலைக்கூடச் சாதாரண யூசர் அழித்துவிடலாம். ஃபைலை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை ஒருமுறை 'நீக்கவா?' என்று கேட்கும். ஒய் தட்டினால் போயிற்று. அந்தக் கேள்வியைத்தான் பலர் பூட்டு என்று நம்பிவிடுகிறார்கள்.

பலர் எழுதும் ஃபோல்டருக்கு 1777 கொடுங்கள். முன்னால் நிற்கும் 1, ஸ்டிக்கி பிட்: ஃபைலின் ஓனர், ஃபோல்டரின் ஓனர், ரூட் தவிர வேறு யாரும் அழிக்க முடியாது. தற்காலிக ஃபைல்களுக்கான டிஎம்பி (/tmp) ஃபோல்டர் இப்படித்தான் இருக்கிறது.