முக்கோண நடவில் கோணம் மாறாது

பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளின் முக்கோண நடவு (பக்கத்துப் பக்கத்து மூன்று மரங்கள் சமபக்க முக்கோணத்தின் மூலைகளில் நிற்கும் முறை) பற்றி எழுதிய நண்பர், மரங்களின் இடைவெளியை 25 அடியிலிருந்து 30 அடியாக்கினால் கோணமும் 60 பாகையிலிருந்து 72 பாகையாகும் என்கிறார். இது தவறு. இதை நம்பிக் குழி எடுத்தால் வரிசையே கோணிவிடும்.

மூன்று பக்கங்களும் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம். மொத்தம் 180 பாகை என்பதால் ஒவ்வொன்றும் 60தான். மூன்று 72 சேர்ந்தால் 216 ஆகிவிடுமே! மாறுவது வரிசைகளுக்கு இடைப்பட்ட தூரம்: 25 அடிக்கு ஏறத்தாழ 21.65, 30 அடிக்கு ஏறத்தாழ 26 அடி.

கோணமானியே வேண்டாம். 30 அடி தள்ளி அடித்த இரண்டு முளைகளிலிருந்தும் 30 அடிக் கயிறுகளை விறைப்பாக இழுத்து, நுனிகள் சேரும் இடத்தில் மூன்றாவது முளையை அடியுங்கள். சதுர நடவுக்கு மட்டும் இது போதாது. நான்கு பக்கமும் சமமாக இருந்தும் சாய்சதுரமாகச் சரிந்துவிடும், மூலைகள் 90 பாகைதானா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.