பார்வையாளர் எங்கே உட்கார்கிறார்?

"சோதனை நாடகமா? நமக்குப் புரியாதுப்பா" என்று நன்றாகப் படித்தவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். முகத்தில் வெள்ளைச் சாயம், பின்னால் புரொஜெக்டர், காதில் விழாத வசனம், இதுதான் சோதனை என்று காட்டிக் காட்டியே பலரை விரட்டிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், மூன்று விஷயங்களைப் பாருங்கள் என்பேன். பார்வையாளர் எங்கே உட்கார்கிறார்? அவருக்கும் நடிகருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? உள்ளே வர எவ்வளவு காசு வேண்டும்? இந்த மூன்றிலும் கை வைக்காத நாடகம் எவ்வளவு புரியாமல் இருந்தாலும் பழைய நாடகம்தான்.

பாதல் சர்க்கார் மூன்றிலும் கை வைத்தார். நகரத் திட்டமிடல் வேலையில் இருந்த வங்காள நாடகாசிரியர். 1963-ல் எழுதிய 'ஏவம் இந்திரஜித்' அவருக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் எழுபதுகளில் மேடையை விட்டே இறங்கிவிட்டார். திரை, செட், அரங்க வாடகை எல்லாம் போயின. கிராமத்துக் கூத்தும் இல்லை, நகரத்து மேடையும் இல்லை. அதனால் மூன்றாம் அரங்கு என்றார்.

1974-ல் வந்த அவருடைய 'மிச்சில்' (வங்காளத்தில் ஊர்வலம்) நாடகத்தில் ஊர்வலங்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே வளைந்து வளைந்து போகும். கோகா என்ற பையன் காணாமல் போயிருக்கிறான். அவனைப் பற்றிய கூச்சல் நம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். நடிகரின் வியர்வை தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஊர்வலம் நம்மையும் கூப்பிடும். எழுந்து சேர்ந்துகொள்வதா, உட்கார்ந்தே இருப்பதா? அதை நாமே முடிவு செய்தாக வேண்டும். சோதனை என்று நான் சொல்வது அந்த நிமிடத்தைத்தான்.

செட்டும் மைக்கும் இல்லையென்றால் பாரம் முழுக்க நடிகரின் உடம்பில் இறங்கும். அதற்குக் கடும் பயிற்சி வேண்டும். 1980-ல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் சர்க்கார் நடத்திய பயிலரங்கை, தமிழில் வீதி நாடகம் போட்டவர்கள் இன்றும் பேசுகிறார்கள் என்றால் சும்மா இல்லை.

இப்போது அரங்க வாடகைக்கே பயந்து ஸ்பான்சருக்காகக் காத்திருக்கும் இளம் குழுக்களைப் பார்க்கிறேன். மொட்டை மாடி போதும், பள்ளி மைதானம் போதும். அடுத்த நாடகத்தைப் பார்வையாளர் பக்கம் விளக்கை அணைக்காமல் போடுங்கள். பாதியில் கிளம்புகிறவரும் கண்ணில் படுவார். எந்த இடத்தில் எழுந்தார் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் ஒத்திகையை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.